அப்புத்தளை இடியும் பொஸ்டன் இடிதாங்கியும்

பதுளைப் பட்டணத்திற்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதியங்கனை விகாரையைத் தரிசித்துவிட்டுத் துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கு வழி கேட்டுப் போய்விடுகிறார்களேயன்றி, 1857ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புனித மாற்கு ஆலயம் என்ற பழைய ஆங்கிலிக்கன் கோயிலுக்குள் நுழைந்து பார்ப்பவர் மிகச் சிலரே. அந்தச் சிலருக்குள்ளும் அங்கே பதித்திருக்கும் நினைவுக்கல்லை நின்று நிதானித்து வாசிப்பவர் இன்னும் சிலர்தாம். இலங்கை ரைபிள் படையின் மேஜரும், பதுளையின் உதவி அரசாங்க அதிபரும், மாவட்ட நீதிபதியுமாக விளங்கிய தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவர் 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் திகதி அப்புத்தளையிலே இடி விழுந்து 41 வயதில் இறந்துபோனார் என்றும், அவருடைய சிநேகிதர்களும் அபிமானிகளுமான சகல வகுப்பினரும் சேர்ந்து அவருடைய ஞாபகார்த்தமாக இந்த ஆலயத்தை எழுப்பினார்கள் என்றும் அந்தக் கல் தெரிவிக்கிறது. ஒரு மனிதர்மேல் இடி விழுந்ததனால் ஊரிலே ஒரு கோயில் எழுந்தது என்றால் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் விஷயம் அதுதான்.

ரொஜர்ஸ் துரை சாமானிய மனிதர் அல்லர். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கியபின் பாழ்பட்டுக் கிடந்த ஊவாவிலே பாதைகள் வெட்டுவித்தவர்; அதனினும் மேலாக, யானை வேட்டையிலே பெயர் போனவர். அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்குக் குறையாது என்று அக்காலத்தவர் கணக்குச் சொன்னார்கள். அன்றைக்கு அப்புத்தளை வாடிவீட்டிலே மழைக்கு ஒதுங்கியிருந்தவர், புயல் ஓய்ந்துவிட்டது என்று எண்ணித் தாழ்வாரத்துக்கு வந்து நின்றபோதுதான் மின்னல் தாக்கிற்று என்று சொல்லப்படுகிறது. நுவரெலியாவிலே, இன்று கோல்ஃப் மைதானத்துக்குள் அகப்பட்டுக் கிடக்கும் பழைய மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறை வெடித்துப் பிளந்திருப்பதைக் காட்டி, இறந்த பிறகும் இடி அவரை விடவில்லை, யானைகளின் சாபம் அத்தகையது என்று சிங்களக் கிராமத்தார் இன்றும் சொல்வார்கள். ஆக, ஒரே மரணத்துக்கு இரண்டு வியாக்கியானங்கள்: வாழ்வின் நடுவிலேயே மரணம் நிற்கிறது, ஆண்டவருடைய சித்தத்தை ஆராய நாம் யார் என்பது ஆலயத்துக் கல், செய்த வினை செய்தவனைத் தேடி வந்தது என்பது ஊர் வாய்.

மூன்றாவது வியாக்கியானம் ஒன்றை நான் சிறு பிராயத்திலே, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் கற்றுக்கொண்டேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலைமுகட்டில் கருக்கல் கட்டி இடி முழங்கத் தொடங்கினால், அப்பாயி கவ்வாத்துக் கத்தியை எடுத்து முற்றத்திலே விட்டெறிவாள். "ஏ புள்ள, வாசப்படியில நிக்காத, உள்ள வா" என்று அதட்டிவிட்டு, "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று முணுமுணுக்கத் தொடங்குவாள். இடி இரும்பைத் தேடி இறங்கும் என்பது அவளுடைய சாஸ்திரம். இறங்காமல் இருக்க அர்ச்சுனன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய பக்தி. கத்தியும் நாமமும் ஒரே கணத்தில் புறப்படும். இரண்டுக்கும் இடையே ஏதோ முரண் இருப்பதாக அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த இரண்டையும் பிரித்து எடுத்து, இது ஒரு வழி, அது வேறு வழி என்று மனிதர் சொல்லக் கற்றுக்கொண்ட சரித்திரம் ஒன்று உண்டு. அது நடந்த இடம், நம்முடைய மலைநாட்டிலிருந்து வெகு தொலைவிலே, வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்கள். 1630ஆம் ஆண்டில் ஜோன் வின்த்ரொப் என்பவரைத் தலைவராகக் கொண்டு மசசூசெட்ஸ் கரையிலே குடியேறிய பியூரிட்டன்கள், இங்கிலாந்துத் திருச்சபையின் ஆடம்பரங்களை வெறுத்த கடுமையான விசுவாசிகள். தங்களுக்கும் ஆண்டவருக்கும் இடையே ஓர் உடன்படிக்கை இருப்பதாகவும், தாங்கள் நெறி தவறினால் வானமும் பூமியும் அதைத் தெரிவிக்கும் என்றும் அவர்கள் உறுதியாக நம்பினார்கள். மழை பொய்த்தால், கொள்ளை நோய் வந்தால், கப்பல் கவிழ்ந்தால், ஊர் முழுவதும் உபவாசம் இருந்து, எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று பிரசங்கியார் விளக்குவதைக் கேட்டது. லயத்திலே காய்ச்சல் பரவினால் மாரியம்மனுக்கு என்ன குறை வைத்தோம் என்று கூடிப் பேசுகிற நம்மவர்க்கு இந்த மனநிலை அந்நியமானதன்று.

ஆனால் இந்த விசுவாசத்துக்குள்ளேயே ஒரு வித்து கிடந்தது. இயற்கை முழுவதும் ஆண்டவருடைய கையெழுத்து என்றால், அதைக் கூர்ந்து வாசிப்பது பக்தனுடைய கடமையாகிவிடுகிறது அல்லவா? குடியேறிய ஆறே ஆண்டுகளில், 1636இல், ஹார்வார்ட் கல்லூரியை நிறுவியவர்கள் இவர்கள். 1680ஆம் ஆண்டில் வால்வெள்ளி தோன்றியபோது, பொஸ்டன் குருவாகிய இங்கிரீஸ் மேதர் அதை உலகத்துக்கு வானம் அடித்த எச்சரிக்கை மணி என்று பிரசங்கித்து அச்சிட்டார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் வால்வெள்ளிகளைப் பற்றி முழுப் புத்தகமே எழுதி, அவற்றின் போக்கைக் கவனித்தவர்களின் குறிப்புகளையெல்லாம் தொகுத்தார். அபசகுனத்தை அளக்கப் புறப்பட்டவர் அளவைக் கருவியைக் கையில் எடுக்காமல் இருக்க முடியாது. 1759ஆம் ஆண்டில், ஹேலி முன்கூட்டியே கணித்துச் சொன்ன வால்வெள்ளி சொன்னபடி திரும்பி வந்தபோது, ஹார்வார்டிலே அதைப் பற்றி விரிவுரை செய்தவர், 1630இல் கப்பலிலிருந்து இறங்கிய அதே ஜோன் வின்த்ரொப்பின் வம்சத்திலே அதே பெயரைத் தாங்கிப் பிறந்த கணிதப் பேராசிரியர். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவரை மதுப்பழக்கத்துக்காக நீக்கினார்கள் என்பது இங்கே அவசியமில்லாத விஷயம். ஆனாலும் பியூரிட்டன் கல்லூரியிலும் மனிதர்கள்தாம் இருந்தார்கள் என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

நம்முடைய தார்க்கிகர்கள் பிரமாணம் என்று ஒன்றைப் பற்றி ஓயாமல் வாதித்தார்கள்: ஒரு விஷயம் உண்மை என்பதற்கு எது சாட்சி, காட்சியா, அனுமானமா, ஆப்த வாக்கியமா என்பது அந்த வாதம். அதே வாதம் சேலம் என்ற ஊரிலே 1692ஆம் ஆண்டில் உயிர்களைப் பணயம் வைத்து நடந்தது. சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வழக்காட மறுத்த ஒரு முதியவர் கல்லேற்றி நசுக்கப்பட்டார். குற்றவாளியின் ஆவியுருவம் வந்து தங்களை வதைத்தது என்று பெண்கள் சொன்னதே சாட்சியம். அந்தச் சாட்சியம் செல்லாது என்று எழுதியவர் நாஸ்திகர் எவருமல்லர், வால்வெள்ளியைக் கண்டு நடுங்கிய அதே இங்கிரீஸ் மேதர்தான். பத்து சூனியக்காரிகள் தப்பினாலும் ஒரு நிரபராதி சாகலாகாது என்பது அவருடைய முடிவு. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், தண்டித்த நீதிபதிகளுள் ஒருவராகிய சாமுவேல் சியுவல் பொஸ்டன் தேவாலயத்திலே சபை முழுவதும் பார்க்க எழுந்து நின்று, தமது பிழையை ஒப்புக்கொள்ளும் ஓலையைக் குருவானவர் வாசிக்கக் கேட்டுத் தலை கவிழ்ந்தார். பகுத்தறிவு அந்தத் தேசத்துக்குள் நுழைந்த வாசல்களுள் ஒன்று, மனச்சாட்சியின் இந்த உறுத்தல். பிற்காலத்தவர் இதைப் பெரும்பாலும் மறந்துவிட்டு, குருமார்கள் இருளில் இருந்தார்கள், அறிஞர்கள் விளக்கு ஏற்றினார்கள் என்று கதையைச் சுருக்கிவிட்டார்கள்.

அந்தச் சுருக்கம் எவ்வளவு தவறானது என்பதை 1721ஆம் ஆண்டின் அம்மை நோய் காட்டும். இங்கிரீஸ் மேதரின் மகன் கொட்டன் மேதரும் குருவானவரே. சூனியக்காரிகள் உண்டு என்று சாதித்தவர். அவருடைய சபையார் 1706இல் அவருக்கு ஓர் ஆபிரிக்க அடிமையைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார்கள். ஒனேசிமஸ் என்று பெயரிட்டு வைத்துக்கொண்டார். உனக்கு அம்மை போட்டதுண்டா என்று ஒருநாள் கேட்டதற்கு, உண்டென்றும் சொல்லலாம், இல்லையென்றும் சொல்லலாம் என்ற கருத்தில் அந்த மனிதர் பதில் சொல்லி, அம்மைக் கொப்புளத்தின் சீழைக் கையிலே கீறிப் பூசிச் சிறிதாக நோய் வரச்செய்து, பெரிதாக வராமல் காக்கும் தமது தேசத்து வழக்கத்தை விவரித்துத் தழும்பையும் காட்டினார். மேதர் அதை நம்பினார். பொஸ்டனிலே நோய் பரவியபோது ஊர் வைத்தியர்களுக்கெல்லாம் எழுதினார். சப்தியேல் பொய்ல்ஸ்டன் என்ற ஒரே ஒரு வைத்தியர் துணிந்து, தமது ஆறு வயது மகனுக்கே முதலில் குத்தினார்.

ஊர் கொந்தளித்தது. மேதரின் வீட்டுக்குள் வெடிகுண்டு வீசினார்கள். திரி கழன்று விழுந்ததால் வெடிக்கவில்லை. அவரை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர், அந்நகரில் வைத்தியப் பட்டம் பெற்றிருந்த ஒரே மனிதராகிய வில்லியம் டக்ளஸ். கேலி செய்து எழுதிய பத்திரிகை ஜேம்ஸ் பிராங்ளின் என்பவருடையது. அங்கே எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த 15 வயதுத் தம்பியின் பெயர் பெஞ்சமின். நோய் ஓய்ந்தபின் பொய்ல்ஸ்டன் கணக்கெடுத்தார்: இயல்பாக நோய் கண்ட சுமார் 6,000 பேரில் 844 பேர் மாண்டார்கள், அதாவது ஏழில் ஒருவர், குத்திக்கொண்ட சுமார் 240 பேரில் ஆறு பேர், அதாவது நாற்பதில் ஒருவர். தெய்வ சித்தத்தைப் பற்றிய வாதத்தை இந்த இரண்டு எண்களும் மௌனமாக்கின. குருவானவர் பக்கம் கணக்கு, வைத்தியர் பக்கம் கூச்சல் என்று இருந்த அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. பிற்காலத்திலே பெஞ்சமின் பிராங்ளின் தமது நான்கு வயது மகனுக்குக் குத்தாமல் விட்டு, 1736இல் அம்மைக்குப் பறிகொடுத்து, ஆயுள் முழுவதும் வருந்தினார். ஜொனத்தன் எட்வர்ட்ஸ் என்ற மகா பிரசங்கியார், சிறு வயதில் இடிக்கு நடுங்கியவர், மனம் திரும்பியபின் இடி முழக்கத்திலே ஆண்டவரின் குரலைக் கேட்டு ஆனந்தித்தவர், 1758இல் தாமே முன்வந்து குத்திக்கொண்டு, அதனாலேயே மாண்டார். நாற்பதில் ஒருவர் என்ற கணக்குக்குள் தாமும் ஒருவராக இருக்கலாம் என்று தெரிந்தே கை நீட்டுவதற்கு ஒருவித விசுவாசம் வேண்டும்.

இனி இடிக்கு வருவோம். 1752ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிலே பட்டுப் பட்டம் விட்டு, நூலிலே திறவுகோலைத் தொங்கவிட்டு, மேகத்திலிருப்பது தம் மேசையிலுள்ள கண்ணாடிக் குடுவையின் மின்சாரமே என்று பிராங்ளின் நிரூபித்த கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டுக்கான தமது பஞ்சாங்கத்திலே, நம் ஊர்ப் பஞ்சாங்கத்தைப் போலவே பாமரர் நாள் பார்க்கவும் மழை பார்க்கவும் வாங்கிய அந்த மலிவுப் புத்தகத்திலே, அவர் எழுதிய சிறு குறிப்புத்தான் உலகத்தை மாற்றியது. மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று, கூரையின் உச்சிக்கு மேல் ஆறு அல்லது எட்டு அடி நிற்க வேண்டும், அதன் மறுமுனை ஈர மண்ணுக்குள் மூன்று நான்கு அடி இறங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பாயி இரும்பை முற்றத்திலே எறிந்ததற்கும் பிராங்ளின் இரும்பைக் கூரையிலே நட்டதற்கும் உள்ள பேதம், மண்ணுக்குள் இறங்கிய அந்த மூன்று நான்கு அடிதான். இடி இரும்பைத் தேடும் என்று அவளும் நம்பியிருந்தாள். தேடி வருவதற்குப் போக ஒரு வழி விட வேண்டும் என்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கம்பிகள் பொஸ்டன் கூரைகளில் முளைக்கத் தொடங்கின. 1755ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி விடியற்காலையில் பூமி குலுங்கிற்று. புகைபோக்கிகள் நூற்றுக்கணக்கில் சரிந்தன. தோமஸ் பிரின்ஸ் என்ற மூத்த குருவானவர், பூகம்பம் ஆண்டவரின் செயல் என்ற தமது பழைய பிரசங்கத்தை மறுபடி அச்சிட்டு, அதன் முடிவில் ஒரு சந்தேகத்தைச் சேர்த்தார்: வானத்து மின்சாரத்தை இந்தக் கம்பிகள் மண்ணுக்குள் இறக்கிக் குவித்ததனாலேயே பூமி குலுங்கியிருக்கலாகாதா? கம்பிகள் அதிகமுள்ள பொஸ்டனில்தானே அதிர்ச்சியும் அதிகமாயிற்று? இதைப் படித்து நகைப்பது எளிது. ஆனால் பிரின்ஸ் செய்தது என்ன என்று பாருங்கள்: ஆண்டவருடைய கோபத்துக்கு ஒரு பௌதிக மார்க்கம் தேடினார், இடங்களை ஒப்பிட்டார், அனுமானம் செய்தார். விஞ்ஞானத்தை எதிர்க்க விஞ்ஞானத்தின் பாஷையிலேயே பேச வேண்டிய நிலைக்கு அவர் வந்துவிட்டார்.

அவருக்கு மறுமொழி சொன்னவர், மேலே குறிப்பிட்ட பேராசிரியர் வின்த்ரொப். பூகம்பம் நடந்து எட்டே நாட்களில் ஹார்வார்ட் கல்லூரிச் சிற்றாலயத்திலேயே விரிவுரை நிகழ்த்தினார். பின்னதிர்ச்சி ஒன்றின்போது வீட்டிலே கணப்படுப்புத் தளத்தருகில் உட்கார்ந்திருந்த அவர், தளத்துச் செங்கற்கள் எல்லாம் ஒரே சமயத்தில் குதிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, ஒன்றன்பின் ஒன்றாக அமர்ந்ததைக் கண்ணால் கண்டார். பூமிக்குள் ஏதோ ஓர் அலை ஓடிக் கடக்கிறது என்று அதிலிருந்து ஊகித்தார். வீடு ஆடும்போது ஓடாமல் செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதரும் பக்தரே. ஆண்டவர் இடியைப் படைத்தார் என்றால் அதிலிருந்து தப்பும் உபாயத்தையும் அவரே கொடுத்தார், அதைப் பயன்படுத்துவது எப்படி அபசாரமாகும் என்பது அவருடைய நியாயம். மழைக்குக் குடை பிடிப்பது வருண பகவானை அவமதிப்பதாகுமா என்று நம் ஊரில் கேட்பார்கள்.

இதற்குப் பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். சபைகளை ஆள்வதற்குச் சபையாருக்கே உரிமை உண்டென்று 1717இலேயே ஜோன் வைஸ் என்ற கிராமத்துக் குருவானவர் வேதவசனத்தால் மட்டுமன்றி இயற்கை நியாயத்தாலும் வாதாடியிருந்தார். ஆண்டவரோடு செய்த உடன்படிக்கை, மெல்ல மெல்ல, மனிதர் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தமாக உருமாறி, 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தில் வந்து நின்றது. அந்தப் பிரகடனத்தை எழுதிய தோமஸ் ஜெபர்சன், முதிய வயதிலே கத்தி எடுத்துச் சுவிசேஷங்களிலிருந்து அற்புதங்களையெல்லாம் வெட்டி நீக்கி, உபதேசங்களை மட்டும் ஒட்டிப் புத்தகமாக்கிக்கொண்டார். மனிதர் யாவரும் சமம் என்று எழுதிய அந்தக் கையே நூற்றுக்கணக்கான அடிமைகளை உடைமையாக வைத்திருந்தது என்பதையும் இங்கே விட்டுவிடலாகாது. பகுத்தறிவு தன்னளவில் ஒருவரையும் நல்லவராக்கிவிடுவதில்லை.

பியூரிட்டன்களின் வாரிசுகள் நம் தீவுக்கே வந்தார்கள். மசசூசெட்ஸிலே தோன்றிய அமெரிக்க மிஷன் சங்கத்தார் 1816இல் யாழ்ப்பாணத்தில் இறங்கி, 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரியை ஆரம்பித்தார்கள். அங்கே டானியல் பூவர் என்ற குருவானவர் நியூட்டனின் வானசாஸ்திரத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் போதித்தார். 1829ஆம் ஆண்டுச் சந்திரகிரகணத்தைக் குறித்து உள்ளூர்ப் பஞ்சாங்கத்தின் கணிப்புக்கும் செமினரியின் கணிப்புக்கும் பேதம் விழுந்தது. கிரகணம் செமினரிக் கணக்குப்படியே பிடித்துவிட, அதை மிஷனரிமார் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். பஞ்சாங்கம் தோற்றால் சைவமும் தோற்கும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. பிள்ளைகள் கணிதத்தையும் தர்க்கத்தையும் ஆங்கிலத்தையும் வாங்கிக்கொண்டு சைவர்களாகவே இருந்தார்கள். கற்றதை ஏட்டுச்சுவடி பதிப்பிக்கவும் உத்தியோகம் பார்க்கவும் பயன்படுத்தினார்கள். சங்கத்தார் மனம் சலித்து 1855இல் செமினரியை மூடிவிட்டார்கள். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானார்கள் என்பதை யாழ்ப்பாணத்தார் பெருமையோடு சொல்வர். விசுவாசத்தை விதைக்க வந்த கை அறிவை விதைத்துவிட்டுத் திகைத்த கதை பொஸ்டனில் நூறு ஆண்டு பிடித்தது; வட்டுக்கோட்டையில் 32 ஆண்டுகளில் முடிந்தது.

ஊவாவுக்கு அந்தப் புதிய பார்வை பள்ளிக்கூடத்தின் வழியாக வந்ததைவிட நோயின் வழியாகவே அதிகம் வந்தது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலுள்ள காப்பித் தோட்டமொன்றில், இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சட்பொடி தூவினாற்போன்ற புள்ளிகள் கண்டன. பேராதனைப் பூங்காவின் தலைவராகிய துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே அவற்றை நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, இது பூஞ்சணம் என்று கண்டு, பேரழிவு செய்வது என்று பொருள்படும் பெயரை இட்டவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி. அவரும் ஓர் ஆங்கிலிக்கன் குருவானவர். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, பாவத்துக்குத் தண்டனை என்றும் குளிர்க் காற்றின் கோளாறு என்றும் பலர் பேசிக்கொண்டிருக்க, காரணம் வேறொரு சிறு பூஞ்சணமே என்று 1846இல் வாதிட்டவரும் அவரே. ஞாயிற்றுக்கிழமையிலே பீடத்தில் நின்று ஜெபித்துவிட்டுத் திங்கட்கிழமையிலே கண்ணாடியைத் துடைத்து உட்கார்ந்த இத்தகைய மனிதர்களை எண்ணும்போது, நம்பிக்கை ஒழிந்து அறிவு வந்தது என்ற வாய்பாடு எவ்வளவு மேலோட்டமானது என்பது விளங்கும்.

துரைமார்கள் முதலில் அலட்சியம் செய்தார்கள்: பருவக் கோளாறு, உரம் போட்டால் மாறிவிடும் என்றார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலார் இலங்கைக்கு வந்து இரண்டு ஆண்டு உழைத்து, இந்த நோயின் வித்துகளைக் காற்று கொண்டுபோகிறது, அவை இலையின் நுண்துளை வழியாக உள்ளே நுழைகின்றன, மலை முழுவதும் ஒரே பயிரை நிரப்பி வைத்தவர்களே அதற்குப் பாதை போட்டுக் கொடுத்தார்கள் என்று எழுதிவிட்டுப் போனார். மருந்து ஒன்றும் அகப்படவில்லை. காப்பியோடு சேர்ந்து 1884இல் ஓரியண்டல் வங்கியும் விழுந்து மூடிற்று. காப்பிச் செடிகளைப் பிடுங்கித் தேயிலையை நட்டார்கள். வார்ட் சொன்னதிலே தெய்வமும் இல்லை, சாபமும் இல்லை. ஆனால் ஒருவகையில் பழைய பிரசங்கிகளின் தீர்ப்பைவிடக் கடுமையான தீர்ப்பு அது, ஏனெனில் உபவாசம் இருந்து கழுவிவிடக்கூடிய குற்றமாக அவர் அதைச் சொல்லவில்லை.

அந்தப் பகுத்தறிவின் விளைச்சலிலே தோட்டத்துச் சனங்களுக்கு வந்த பங்கு எது என்று கேட்டால், கணக்கு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிரட்டுக்களத்திலே ஆள் எண்ணினார்கள், செக்ரோலிலே பேர் பதிந்தார்கள், கொழுந்தைத் தராசில் நிறுத்தார்கள், நிறை குறைந்தால் அரைப்பேர் போட்டார்கள். அம்மைப்பால் குத்தவும் வந்தார்கள். குத்திக்கொண்டு வந்த பிள்ளைக்கு எங்கள் லயத்தில் வேப்பிலையும் கட்டினார்கள், கண்டிப்பாகக் கட்டினார்கள். அதை மூடத்தனம் என்று நகைத்த படித்த வாலிபர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன். ஊசி தந்த காப்பு ஒரு சங்கதி, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக்கொண்டு இரவு முழுவதும் விழித்திருந்த தாய்க்கு வேண்டியிருந்த ஆறுதல் வேறு சங்கதி என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. ஆனால் ஒன்றிலே இன்றும் என் கோபம் தணியவில்லை. நான் வளர்ந்த தோட்டத்திலே, மலைச்சரிவின் மேட்டில் நிமிர்ந்து நின்ற தேயிலைத் தொழிற்சாலையின் கூரையிலே ஓர் இடிதாங்கி இருந்தது. கம்பி சுவரோரமாக இறங்கி மண்ணுக்குள் போனதை நாங்கள் விளையாடும்போது தொட்டுப் பார்த்திருக்கிறோம். அதற்குக் கீழே வரிசை வரிசையாகக் கிடந்த தகரக் கூரை லயங்களில் ஒன்றிலும் அப்படியொரு கம்பியை நான் கண்டதில்லை. பிராங்ளின் அதைப் பாமரர் வாங்கும் பஞ்சாங்கத்திலே எழுதி 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கொழுந்து மலையிலே மின்னல் தாக்கிப் பெண்கள் மாண்டார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம், அது விதி என்று சொல்லி நகர என்னால் முடிவதில்லை. ஆண்டவர் சித்தம் என்று பிரின்ஸ் குருவானவர் சொன்னதற்காவது 1755ஆம் ஆண்டு என்ற சமாதானம் உண்டு.

பதுளைப் பக்கம் போகும் வாசகர்கள் ஒரு நாழிகை ஒதுக்கிப் புனித மாற்கு ஆலயத்தின் அந்தக் கல்லைப் பார்த்துவர வேண்டும். சித்திரையிலோ ஐப்பசியிலோ போனால் காலையிலேயே போய்விடுவது நல்லது. பிற்பகலில் முழக்கம் கேட்டால் மரத்தடிக்கு ஓடாதீர்கள், கட்டிடத்துக்குள் போய்விடுங்கள். மழை விட்டதா என்று பார்க்க உடனே தாழ்வாரத்துக்கு வராதீர்கள், கடைசி முழக்கம் ஓய்ந்து அரைமணி நேரமாவது உள்ளேயே இருங்கள்.